பக்கத்து இருக்கை: தாமிரபரணிக் கரையில் அயலாரும் பயணமும்

அன்னிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம், நாம் யாரிடமெல்லாம் நல்ல முறையில் நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரிசையைக் கூறுகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், உறவுள்ள அண்டை வீட்டார், உறவில்லாத அண்டை வீட்டார் என்று சென்று, வழிப்போக்கரைச் சொல்வதற்கு முன்பாக ‘அஸ்ஸாஹிபு பில்ஜன்ப்’ என்று ஒருவரைக் குறிப்பிடுகிறது. பக்கத்தில் இருக்கும் தோழர் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். வாழ்க்கைத் துணை என்று சிலர் விளக்கம் தந்துள்ளனர். முற்கால விரிவுரையாளர்களில் பலர், பயணத்தில் உடன் வருபவர் என்று பொருள் கொண்டனர். பெயரும் ஊரும் தெரியாமல், இரண்டு மணி நேரம் நம் தோளோடு தோள் உரசி அமர்ந்துவிட்டு இறங்கிப் போய்விடும் மனிதர் அவர். அவருக்கும் நம்மீது ஓர் உரிமை உண்டு என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இந்த வசனம் அண்மையில் நம் நினைவுக்கு வந்த இடம் பள்ளிவாசல் அன்று. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து புறப்பட்ட ஒரு ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டி. கூட்டம் வாசல் வரை நின்றிருந்தது. சன்னலோரத்தில் வடமாநில இளைஞர்கள் மூவர், சிமெண்டுத் தூசி போகாத கால்சட்டைகளுடன் அமர்ந்திருந்தனர். அவர்கள் இருந்த பலகையில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். எதிர்ப்பலகையிலும் ஓரிடம் இருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. ‘எல்லா இடத்தையும் வடக்கன் பிடிச்சிட்டான்’ என்று ஒருவர் உரக்கச் சொன்னார், இரண்டொருவர் சிரித்தனர். காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இடம் பிடித்துவிட்டார்கள் என்று சொல்வதிலுள்ள முரண்பாடு யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. மறைப்பானேன், நாமும் ஒரு நிலையம் வரை நின்றுகொண்டுதான் வந்தோம்.

ஓடும் வாகனத்தில் ஒருவர் எப்படி அயலார் ஆகிறார்? பிறந்த ஊரினாலா, மொழியினாலா, உடையினாலா? தாமிரபரணிக் கரையின் கடந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையில் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் நமக்குப் பெருமையும் தருகின்றன, சங்கடமும் தருகின்றன.

அயலார் இக்கரைக்குப் புதியவர் அல்லர். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்டுள்ளார். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகளோடு கப்பல்கள் அங்கே வந்தன. பாண்டியர் அவ்வணிகர்களுக்குப் பாதுகாப்பும் மதிப்பும் அளித்தனர். காயல்பட்டினத்து முன்னோரின் கதை அந்தக் கப்பல்களோடு பிணைந்தது. ஆனால் அந்நாளைய கப்பல் வணிகரின் கப்பல். காசு கொடுத்தால் எவரும் ஏறலாம் என்னும் பொது வாகனம் நம் பகுதிக்கு 1876இல்தான் வந்தது. அவ்வாண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. மணியாச்சியிலிருந்து ஒரு கிளை திருநெல்வேலியைத் தொட்டது. 1904க்குள் அது செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம் வரை நீண்டது. திருச்செந்தூர்ப் பாதை 1923இல் வந்தது.

ரயில் என்ன செய்தது என்பதை இன்று நாம் முழுமையாக உணர்வது கடினம். அதுவரை தெருவால், குளத்தால், கிணற்றால் பிரிக்கப்பட்டிருந்த மக்களை அது ஒரே மரப்பலகையில் அமர்த்தியது. மூன்றாம் வகுப்புச் சீட்டு சாதி கேட்கவில்லை. ஆயினும் பிரிவினை வேறு வழிகளில் ரயிலேறிற்று. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் என ஒதுக்கிய பெட்டிகள் இருந்தன. உள்ளூரார் எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு நின்றாலும் அவை காலியாகவே ஓடும். வடநாட்டு நிலையங்களில் ‘இந்து தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ என்று தனித்தனிக் குடங்கள் வைக்கப்பட்டன. தென்னிந்திய ரயில்வேயின் உணவகங்களில் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் நெடிய எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் அது நீங்கியது. வண்டியில் ஒன்றாக வந்தவர்கள் நடைமேடையில் இறங்கியதும் ஒருவருக்கொருவர் அயலார் ஆயினர்.

தூத்துக்குடிக்கு ரயிலில் வந்தவர்களில் பலர் அங்கே நிற்கவில்லை. கப்பலேறிக் கொழும்புக்குச் சென்றனர். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை வந்து கப்பலோடு இணைந்த வண்டியைத்தான் ‘போட் மெயில்’ என்றனர். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்த வண்டி தனுஷ்கோடிக்குத் திரும்பிற்று. அதற்கு முன் கொழும்புக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய் எனத் திட்டமிடப்பட்டது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் ஒரே மனிதர் எடுத்துக்கொண்டார். நிறுவனத்தின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். இப்பெயர்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அது எத்தனை தரப்பினரின் கப்பலாக இருந்தது என்பது புலப்படும்.

1907இல் வந்து சேர்ந்த ‘காலியா’ கப்பலில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், மூன்றாம் வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். இந்த மூன்றாவது எண்ணில்தான் நம் பாட்டன்மார் இருக்கின்றனர்: மேல்தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துச் சென்ற சிறு வணிகர், கடைச் சிப்பந்தி, தோட்டத் தொழிலாளி. வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. இறுதியில் இலவசப் பயணமும் கையோடு ஒரு குடையும் தர முன்வந்ததாகச் சொல்வர். குடைக்கு ஆசைப்பட்டவர்களை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. மேல்தளத்தில் பயணம் செய்பவனுக்கு வெயிலும் மழையும் மெய்யானவை.

1908 மார்ச் 12இல் சிதம்பரனார் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அந்த ஒடுக்குமுறையோடு தொடர்புபடுத்தப்பட்ட அதிகாரிகளுள் ஒருவர் ஆஷ். பின்னர் அவரே திருநெல்வேலி ஆட்சியரானார். 1911 ஜூன் 17ஆம் நாள் காலை, கொடைக்கானலுக்குச் செல்வதற்காக மனைவியுடன் அவர் மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்து, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய வண்டிக்காகக் காத்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டுக் கொன்றார். பின்னர் நடைமேடையில் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். அந்த நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என வழங்குகிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு நாம் இக்கதையைச் சொல்கிறோம்.

சொல்லாமல் விடுகின்ற ஒரு பகுதி உண்டு. வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் அயலாரைக் குறிக்க எடுத்தாண்ட சொல் ‘மிலேச்சர்’. இங்கிலாந்து மன்னரைப் பழிக்க அது முன்வைத்த குற்றங்களுள் ஒன்று, அவர் மாட்டிறைச்சி உண்பவர் என்பது. நாட்டைச் சுரண்டிய ஆட்சியை எதிர்ப்பது ஒன்று. உண்ணும் உணவாலும் பிறப்பாலும் ஒருவரைத் தீட்டானவர் என்பது வேறொன்று. மணியாச்சியில் இவ்விரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தன. அந்தச் சொல்லின் வட்டத்துக்குள் ஆங்கிலேயர் மட்டுமா இருந்தனர்? மேலப்பாளையத்து நெசவாளரையும், மாட்டிறைச்சி உண்ணும் சேரி மக்களையும் விலக்கிவிட்டு அவ்வட்டத்தை வரைய முடியாது. சிதம்பரனாரின் கப்பலில் பக்கீர் சேட்டுக்கு இடம் இருந்தது. வாஞ்சிநாதனின் கடிதத்தில் அவருக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்று கேட்பது அந்த இளைஞரின் உயிர்த்தியாகத்தை இழிவுபடுத்துவது ஆகாது என்றே கருதுகிறோம்.

அயல்நாட்டார் ஒதுக்கிய பெட்டிகளைக் கண்டு கொதித்த அதே நிலத்தில், நம்மவர் நம்மவரையே வண்டியில் ஏற்ற மறுத்ததும் அடுத்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்தது. 1910இல் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்படிப் போன நெல்லைச் சீமையின் பகுதிகளே. 1920களில் அங்கே தனியார் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது பல உரிமையாளர்கள் ஆதிதிராவிடரை ஏற்றவில்லை. ‘பஞ்சமர்களுக்கு இடமில்லை’ என்று சீட்டிலேயே அச்சிட்டிருந்தனர் என்றும் அக்காலத்தவர் நினைவுகூர்ந்துள்ளனர். ரயில் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது, சீட்டு இருந்தால் ஏறலாம். பேருந்தோ உரிமையாளரின் விருப்பப்படி ஓடியது.

அம்மாவட்டக் கழகத்தின் தலைவராக அப்போது இருந்தவர் சுயமரியாதை இயக்கத்தின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். அவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பேருந்துகள் ஏற்றிக்கொண்டன. மக்களின் மனம் மாறிய பிறகே வழக்கம் மாறும் என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இங்கே வழக்கம் முதலில் மாறிற்று. மனம் மாறுவதற்கு அது காத்திருக்கவில்லை. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் பெருநாள் துணி எடுக்கும் நம்மவரில் எத்தனை பேருக்கு அந்தக் கடைத்தெரு இவர் பெயரால் வழங்குவது தெரியும்?

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நாமே அயலாராக இருந்தோம். இலங்கையில் கடை வைத்திருந்த காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களைக் கரையோரச் சோனகர் என்றும் இந்தியச் சோனகர் என்றும் தனியே எண்ணினர். சிங்களத்தில் ‘ஹம்பயா’ என்னும் இளக்காரப் பெயர் இருந்தது. சம்பான் என்னும் படகில் வந்தவர் என்பது அதன் மூலம் என்பர். வந்து சேர்ந்த வாகனமே ஒரு சமூகத்தின் வசைப்பெயர் ஆகிவிட்டது!

1915 மே 28ஆம் நாள் இரவு, கண்டியில் வெசாக் ஊர்வலம் ஒன்று காசில் ஹில் தெருவில் இருந்த கரையோரச் சோனகரின் பள்ளிவாசலைக் கடந்தபோது தகராறு மூண்டது. ஒன்பது நாட்களுக்குள் அது மேற்கு, தெற்கு மாகாணங்களெங்கும் பரவிற்று. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. ரயில் பாதைகளை ஒட்டிய சிறு நகரங்களில் கலவரம் விரைவாகப் பரவியது. கொழும்பில் ரயில்வே தொழிலாளர்களும் கூட்டத்தில் இருந்தனர். நம் ஊர்களுக்குக் கடிதங்களுக்குப் பதில் மனிதர்களே திரும்பி வந்தனர். நியாயத்தின் பொருட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்க்கால விலையேற்றமும் கடன் சுமையும் சிங்கள ஏழைகளை வாட்டியிருந்தன. அவர்கள் கண்ணில் பட்ட முதலாளி நம் கடைக்காரர். பின்னர் இராணுவச் சட்டத்தின் பெயரால் பிரிட்டிஷார் நடத்திய கொலைகளுக்குக் கலவரத்தில் பங்கேற்காத சிங்களரும் இரையாயினர். அந்த நினைவு அங்கே இன்னும் ஆறவில்லை.

அயலார் என்பது எப்படிப் பயணச்சீட்டிலேயே எழுதப்பட்டது என்பதற்கு மண்டபம் முகாம் ஒரு சான்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரைத் தொற்று நோயின் பெயரால் தடுத்து வைத்துச் சோதிப்பதற்காக, இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. மூன்றாம் வகுப்புப் பயணிகள் அங்கே நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டனர். உடலும் உடைமையும் சோதிக்கப்பட்டன. மேல் வகுப்பினருக்கு அந்த நெருக்கடி இல்லை. கிருமி வகுப்பு பார்த்து ஏறும் போலும். காலம் அந்த இடத்தை விந்தையாகத் திருப்பிப்போட்டது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களை அதே மண்டபம் முகாம் ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் அங்கிருந்து ஆள்கூட்டி அனுப்பினோம். அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் அங்கேயே ‘வெளிநாட்டவர்’ என்ற பதிவோடு வந்து இறங்கினர்.

தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றுப் பக்கத்தில் கடையநல்லூரும் தென்காசியும் கொழும்பைவிடச் சிங்கப்பூரையும் பினாங்கையும் நோக்கின. அங்கே போனவர்களின் மக்கள் இன்று அந்நாடுகளின் குடிமக்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தொழிலாளர் விடுதிக்குச் செல்லும் தனியார் பேருந்து ஒன்றில் ஏறிய தமிழகக் கட்டடத் தொழிலாளர் ஒருவர், மது அருந்தியிருந்ததால் இறங்குமாறு சொல்லப்பட்டு இறங்கினார். புறப்பட்ட பேருந்தின் அருகே தடுமாறி ஓடி, சக்கரத்தின் அடியில் விழுந்து இறந்தார். தள்ளிவிட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி பரவ, நாற்பது ஆண்டுகளில் அந்நாடு காணாத கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு, தவறான புரிதலும் மதுவுமே காரணம் என்றும், தொழிலாளர் மத்தியில் பரவலான அதிருப்தி காரணமன்று என்றும் கூறிற்று. இருக்கலாம். ஆனால் ஞாயிறு இரவில் அத்தொழிலாளருக்கென்று தனிப் பேருந்து, தனி வரிசை, ஊருக்கு வெளியே தனி விடுதி என்று வாழ்க்கை அமைந்திருந்தது. அந்நாட்டுத் தமிழில் அவர்களுக்கு ‘வெளிநாட்டு ஊழியர்’ என்று பெயர். கடையநல்லூர்க்காரரின் பேரரும் அச்சொல்லையே சொல்கிறார். அவருடைய பாட்டனார் போனபோதும் ஏறக்குறைய இதே பெயரில்தான் இருந்தார்.

இங்கே திரும்புவோம். 1974 முதல் நம் மாவட்டத்தில் அரசுப் பேருந்துகள் கட்டபொம்மன் பெயரில் ஓடின. 1995 ஜூலை 26இல் வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஏற்பட்ட சச்சரவு, சாதிக் கலவரமாகி மாவட்டங்களைத் தாண்டிப் பரவிற்று. அதன் தொடர்ச்சியாக ஆகஸ்ட் 31இல் காவல் துறையினர் கொடியங்குளத்தைச் சூறையாடினர். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பொருள்களோடு கடவுச்சீட்டுகளும் அங்கே எரிந்தன. 1997இல் விருதுநகரில் அமைந்த புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து கட்டபொம்மனின் படையில் போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது, அப்பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்பினர். உயிர்கள் போயின. அவ்வாண்டு ஜூலையில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கிவிட்டது. கட்டபொம்மன் பெயரும் அப்படித்தான் போயிற்று. சௌந்தரபாண்டியன் அன்று உரிமத்தைப் பறிப்பேன் என்றார். இந்த அரசு பெயரை எடுத்துவிட்டது. இரண்டும் ஒரே வகை முடிவுகள் அல்ல என்பது நம் எண்ணம். 2025 மார்ச்சில், தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பள்ளி மாணவர் ஒருவர் ஸ்ரீவைகுண்டம் அருகே பேருந்திலிருந்து இழுத்து இறக்கி வெட்டப்பட்டார், கைவிரல்களை இழந்தார். அவர் வேற்று நாட்டார் அல்லர், வேற்று மொழியினரும் அல்லர், அடுத்த ஊர்க்காரர்.

நம் சமுதாயத்துக்கும் இருக்கை காலியாகும் அனுபவம் உண்டு. 1998 பிப்ரவரியில் கோவைக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த பிறகு, தாடியும் தொப்பியுமாகப் பையோடு பேருந்தில் ஏறியவர்கள் கண்ட பார்வைகளை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வர். ‘பாய், பையில என்ன?’ என்று கேலி போலக் கேட்டவரும் உண்டு; கேளாமலே எழுந்து வேறிடம் போனவரும் உண்டு. 2020 ஏப்ரலில், தில்லி தப்லீக் மாநாட்டுக்குச் சென்று வந்தோரிடையே தொற்று கண்டறியப்பட்டு மேலப்பாளையம் அடைக்கப்பட்டது. ஊரடங்கு தளர்ந்து பேருந்துகள் ஓடத் தொடங்கிய பின்னும் சில மாதங்கள், ‘மேலப்பாளையம் ஒண்ணு’ என்று சீட்டுக் கேட்பதே கூச்சமாக இருந்தது. மண்டபத்தில் மூன்றாம் வகுப்பு என்று சொல்வதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

இவ்வளவும் பட்டும் நாம் வடமாநில இளைஞரின் அருகே உட்காரத் தயங்குகிறோம். 2023 பிப்ரவரியில், ஓடும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் வசைபாடி அடிக்கும் காட்சி தமிழகமெங்கும் பரவிற்று. ரயில்வே காவல் துறை அவரைக் கைது செய்தது. மார்ச் மாதம், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவ, அஞ்சிய பலர் மூட்டையோடு ரயில் நிலையங்களில் குவிந்தனர். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்து, செய்தி பொய் என்று உறுதிப்படுத்திக்கொண்டது. செய்தி பொய்தான். ஆனால் அதை அவர்கள் ஏன் உடனே நம்பினர் என்பதற்கு அந்தப் பிப்ரவரி மாதப் பெட்டி விடை சொல்லும்.

வேலை பறிபோகிறது, கூலி குறைகிறது என்னும் உள்ளூர்த் தொழிலாளரின் குறை பொய்யன்று. குறைந்த கூலிக்கு ஆள் எடுப்பவர் யார் என்று பார்த்தால் அவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரராகவே இருக்கிறார், சில வேளை நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கிறார். அவர் ரயிலில் வருவதில்லை. ஆகவே கோபம் அவர்மேல் விழுவதில்லை. கூடங்குளம் அணுமின் நிலையப் பணிக்காக ரஷ்யர்கள் பல ஆண்டுகளாக நம் மாவட்டத்தில் வாழ்கின்றனர். கடைத்தெருவில் அவர்களைக் கண்டால் நம் பிள்ளைகள் புன்னகையோடு கைகாட்டுகின்றனர். வெளிநாட்டார் மீது நமக்கு வெறுப்பு என்று எவரும் சொல்லிவிட முடியாது.

2023ஆம் ஆண்டின் இறுதியில் இன்னொரு ரயிலும் உண்டு. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டதை அறிந்து, வண்டியை மேலே போகவிடாமல் தடுத்தவர் நிலைய மேலாளர் ஜாபர் அலி. ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கினர். சுற்றிலும் நீர், மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பெரும்பாலோர் திருச்செந்தூர்க் கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்பும் வெளியூரார். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டனர். மற்றவர் நிலையத்திலும் பெட்டிகளிலும் இருந்தனர்.

அவர்களுக்கு முதலில் உணவு வந்தது அரசிடமிருந்து அன்று. பக்கத்துக் கிராமமான புதுக்குடியின் மக்கள், தாங்களே வெள்ளத்தில் இருந்த நிலையில், கோயிலில் இருந்த அரிசியையும் வீடுகளில் இருந்ததையும் சேர்த்துச் சமைத்தனர். முழங்கால் நீரில் சுமந்து வந்து கொடுத்தனர். இரண்டு நாட்கள் இது நடந்தது. எந்த ஊர், என்ன சாதி, எந்த வகுப்புச் சீட்டு என்று அவர்கள் கேட்டதாக எந்தப் பயணியும் சொல்லவில்லை. வானூர்தியில் வந்த உணவுப் பொட்டலங்கள் பிறகு வந்தன.

19ஆம் தேதி, நீர் சற்று வடிந்ததும், முதியோரையும் குழந்தைகளையும் கைப்பிடித்து, அரித்துப்போன பாதையின் ஓரமாகச் சில கிலோமீட்டர் நடத்திச் சென்று, பேருந்துகளில் ஏற்றினர். அங்கிருந்து அவர்களை வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டு சேர்த்தனர். சென்னைக்குச் செல்லும் சிறப்பு ரயில் அங்கே காத்திருந்தது.